ஷ்வால்பே மாரத்தான் 37-622: முள்ளும் கம்பியும் கிடக்கும் சாலைக்கு எந்த டயர்?

ஹைபிரிட் சைக்கிளை (ரோடு பைக்கும் மலைச் சைக்கிளும் கலந்த வகை) இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஓட்டியவர்கள் எல்லோருக்கும், சைக்கிளோடு வந்த டயர் தேய்ந்த பிறகு அடுத்து எதைப் போடுவது என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கடையில் கேட்டால் "எத்தனை இஞ்ச்?" என்ற ஒரே கேள்வியோடு இருப்பில் உள்ள டயரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இணையத்தில் தேடினாலோ, ஒரே அளவில் முப்பது வகை டயர்கள் வந்து நின்று ஆளைத் திணறடிக்கும். மதுரையிலிருந்து மானாமதுரைப் பக்கமும் வைகைக் கரையோரமும் என் ஹைபிரிடில் நான் போட்டு ஓட்டிவரும் ஷ்வால்பே மாரத்தான் என்ற டயரை முன்வைத்து, சைக்கிள் டயரில் உண்மையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். டயரின் மேல், தரையைத் தொடும் பகுதியில் தெரியும் பட்டன் வடிவத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதுதான் பொது வழக்கம். என் கணிப்பில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்களும், பட்டனுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அடுக்கும்தான் முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

எண்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இஞ்ச் கணக்கு என்பது அந்தக் காலத்தில் டயரின் வெளிவிட்டத்தைக் குறித்தது. தடித்த டயரை மாட்டிய சிறிய ரிம்மும், மெல்லிய டயரை மாட்டிய பெரிய ரிம்மும் வெளியே ஒரே உயரத்தில் நின்றால் இரண்டுக்கும் 26 இஞ்ச் என்றே பெயர் வைத்தார்கள். அதன் விளைவாக, மலைச் சைக்கிளின் 26 × 1.95 டயர் 559 மி.மீ. ரிம்முக்கும், பழைய 26 × 1½ டயர் 584 மி.மீ. ரிம்முக்கும், 26 × 1⅜ டயர் 590 மி.மீ. ரிம்முக்கும் உரியவை, மூன்றுக்கும் பெயர் 26 இஞ்ச்தான், ஆனால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. பின்னமும் தசமமும் ஒன்றென்று எண்ணி 26 × 1½ கேட்பதற்குப் பதிலாக 26 × 1.50 வாங்கி வந்தால், ரிம்மின் விட்டத்தில் 25 மி.மீ. வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், புதிதாக வந்ததென்று இன்று விற்கப்படும் 27.5 இஞ்ச் ரிம்மும் அந்தப் பழைய 26 × 1½ ரிம்மும் ஒரே 584தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 37-622 போன்ற குறியீடு வந்தது. முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் சொல்கின்றன. ஒரே மாரத்தான் டயரின் மேல் 37-622, 28 × 1.40, 700 × 35சி என்று மூன்று விதமாகவும் அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் நம்பத் தகுந்தது முதலாவது மட்டுமே. ஹைபிரிட், ரோடு பைக், 29 இஞ்ச் மலைச் சைக்கிள் ஆகிய மூன்றும் 622 குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் அப்பா காலத்து 28 × 1½ கறுப்புச் சைக்கிளோ 635ஐச் சேர்ந்தது. இரண்டுக்கும் 28 இஞ்ச் என்ற பெயர் இருப்பதால் 635 டயரை 622 ரிம்மில் மாட்டிவிட முடியும். மாட்டியதும் தொளதொளவென்று நிற்கும், காற்றடித்தால் ரிம்மை விட்டுக் கழன்று டியூப் வெடிக்கும். ஆகையால் கடைக்குப் போகும் முன் பழைய டயரின் பக்கச்சுவரைத் துடைத்து, கோடு போட்ட அந்த ஐந்து இலக்கங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் அன்று. இரு ஓரங்களிலும் ரிம்மைப் பற்றிக்கொள்ளும் வளையங்கள் உண்டு. அவை எஃகுக் கம்பியாக இருந்தால் கம்பி டயர், கெவ்லார் நூலாக இருந்தால் மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய டயர். அந்த வளையங்களுக்கு இடையே நைலான் நூல்கள் குறுக்கு மறுக்காக ஓடுகின்றன. எடையைத் தாங்குவது காற்றும் இந்த நூல் அடுக்கும்தான். ரப்பர் சாலையைப் பற்றவும் நூலைக் காக்கவும் மட்டுமே இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதையும் நிறுவனங்கள் பெருமையோடு அச்சிடுகின்றன. நூல் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் டயர் இலகுவாக வளைந்து உருளும். தடித்த நூலாக இருந்தால் அடியும் கீறலும் தாங்கும். ஆனால் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிடக் கூடாது. கான்டினென்டல் நிறுவனம் 3/180 என்று அச்சிடுவது 60 நூல் கொண்ட மூன்று அடுக்குகளைக் கூட்டிய கணக்கு. மாரத்தானின் 67 என்பதோ ஓர் அடுக்கின் கணக்கு. ஆகவே இந்த எண்ணை வைத்து இரு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிடுவது பயனற்றது.

இனி மாரத்தானுக்கு வருகிறேன். ஜெர்மனியின் ரைஷோஃப் நகரைச் சேர்ந்த ஷ்வால்பே நிறுவனம் இந்த டயரை 1983இல் அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு பலமுறை திருத்தப்பட்டு, மாரத்தான் என்பது இன்று ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்துவிட்டது. நான் சொல்வது அதில் அடிப்படை வகை. பட்டனுக்கும் நூல் அடுக்குக்கும் நடுவே 3 மி.மீ. தடிமனில் நெகிழ்வான ரப்பர் பட்டை ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. கிரீன்கார்டு என்று பெயரிட்டிருக்கிறார்கள். பக்கச்சுவரில் இரவில் வெளிச்சம் பட்டால் வெள்ளை வளையமாக ஒளிரும் பட்டை இருக்கிறது. புறவழிச்சாலையில் பக்கவாட்டிலிருந்து வரும் வண்டிக்கு இது தெரியும் தூரத்தைப் பார்த்தவர்கள், இதை வெறும் அலங்காரம் என்று சொல்ல மாட்டார்கள். டைனமோ உருளை உரசுவதற்கென்று தனித் தடமும் பக்கச்சுவரில் விட்டிருக்கிறார்கள். டைனமோவை நம் ஊரில் மறந்தே போய்விட்டோம் என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் டயருக்குப் பகை மூன்று. முதலாவது சீமைக்கருவேல முள். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் சாலையோரக் கிளைகளை வெட்டி அப்படியே இழுத்துச் செல்லும் நாள்களில், காய்ந்த முள் தார்ச்சாலை ஓரத்தில் நெடுக உதிர்ந்து கிடக்கும். இரண்டாவது நெருஞ்சி; காயின் மேல் இருக்கும் முள் சிறியதுதான், ஆனால் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல் நோக்கியே நிற்கும். மூன்றாவது பலரும் கவனிக்காத லாரி டயர்க் கம்பி. நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயர்களின் எஃகுக் கம்பிகள் துண்டு துண்டாகச் சிதறி, தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழைகளாகச் சாலை ஓரத்தில் கலந்து கிடக்கின்றன. நான்குவழிச் சாலையின் ஓரத் தடத்தில் காரணமே தெரியாமல் காற்று மெல்ல இறங்கினால் அநேகமாக இந்தக் கம்பிதான் காரணம்.

மாரத்தான் இவற்றில் நெருஞ்சியை அநேகமாக முழுமையாகவே நிறுத்திவிடுகிறது. பட்டனில் குத்தி நிற்கும் முள்ளைக் குறடால் பிடுங்கினால், முனை ரப்பர்ப் பட்டையிலேயே நின்றுபோயிருப்பதைக் காணலாம். கருவேல முள்ளில் பாதிக்கு மேல் இதுபோல நின்றுவிடும். ஆனால் முற்றிக் காய்ந்த நீண்ட முள் நேர்க்குத்தாக ஏறினால் 3 மி.மீ. போதாது. லாரிக் கம்பியோ முதல் நாளில் உள்ளே நுழைவதில்லை. பட்டனில் தைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இம்மி இம்மியாக உள்ளே நகர்ந்து, ஒரு வாரம் கழித்து டியூபைத் தொடும். எந்தப் பாதுகாப்பு அடுக்கும் இதற்கு விலக்கன்று. வாரம் ஒருமுறை சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டுப் பட்டனைக் கண்ணால் பார்த்து, மின்னுவதை எல்லாம் ஊசிமுனையால் நெம்பி எடுத்துவிடுவதே வழி. பஞ்சர் ஆன பிறகு கம்பி டயருக்குள் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித் தேடினால் விரல் கிழியும். சிறிது பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் சுற்றிலும் தேய்த்தால், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நிற்கும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால், வீடு போய்ச் சேருவதற்குள் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

இதைவிடக் கெட்டியான பாதுகாப்பு வேண்டும் என்பவர்களுக்கு அதே குடும்பத்தின் மாரத்தான் பிளஸ் இருக்கிறது. அதில் நெகிழ்ரப்பர் பட்டை 5 மி.மீ. தடிமன், குண்டூசி ஏறினாலும் டியூபை எட்டாது என்பதே அதன் விளம்பரம். ஆனால் 37-622 அளவில் அடிப்படை மாரத்தான் ஏறக்குறைய 750 கிராம் இருக்க, பிளஸ் 900 கிராமைத் தாண்டுகிறது. பந்தய டயர் ஒன்று 200 கிராமைச் சற்றே தாண்டும் என்பதோடு இதை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது கால் எதைச் சுமக்கிறது என்பது விளங்கும். கான்டினென்டலின் கேட்டர்ஸ்கின் என்ற டயர் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தது: தடித்த ரப்பருக்குப் பதில் நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் இழைத் துணியைப் பட்டனுக்கு அடியிலும், கீறல் தாங்கும் பாலியமைடு வலையைப் பக்கச்சுவரிலும் வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, வேகம் அதிகம். ஆனால் அது மெல்லிய ரோடு பைக் டயர், 32 மி.மீ. அகலத்துக்கு மேல் கிடைப்பதில்லை. மாரத்தானின் பாதுகாப்புப் பட்டை பட்டனுக்கு அடியில் மட்டுமே உள்ளது, பக்கச்சுவரில் கிடையாது. உடைந்த பாட்டில் பக்கவாட்டில் கீறினால் இதுவும் மற்ற டயர்களைப் போலத்தான்.

பட்டன் வடிவத்தைப் பற்றி நம்மிடையே ஊறிப்போன ஓர் எண்ணம் உண்டு: பட்டன் ஆழமாக இருந்தால்தான் மழையில் வழுக்காது என்பது. கார் டயருக்கு அது சரி. அகன்று தட்டையாக இருக்கும் கார் டயர் வேகத்தில் தண்ணீரின் மேல் மிதந்துவிடும் என்பதால் தண்ணீர் வெளியேறக் காடிகள் தேவை. சைக்கிள் டயரோ குறுகலாகவும் உருண்டையாகவும், மிகுந்த காற்றழுத்தத்தோடும் இருக்கிறது. அது தண்ணீரில் மிதக்க மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். ஆகவே நனைந்த தார்ச்சாலையில் பிடிமானத்தைத் தீர்மானிப்பது ரப்பரின் கலவையும் காற்றழுத்தமும்தான். பட்டனே இல்லாத வழவழ டயர் தாரில் வழுக்கும் என்பது பயமே தவிர உண்மை அன்று. (சாலையில் பூசிய வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடியின் மேலும் எல்லா டயரும் வழுக்கும், அதற்குப் பட்டன் மருந்தாகாது.) மாறாக, மண்ணிலும் சேற்றிலும் குமிழ்ப் பட்டன்கள் தேவைப்படுகின்றன, ஏனெனில் அங்கே டயர் தரைக்குள் பதிந்து பிடிக்க வேண்டும்.

இங்கே மலைச் சைக்கிள் வாங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. தடித்த குமிழ்ப் பட்டன் டயரோடு பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய்வருபவர்கள், வண்டியின் 'உர்ர்' என்ற ஒலியைக் கேட்டு அதைக் கம்பீரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த ஒலியாக வீணாவது நம் கால் உழைப்பு. தாரில் குமிழ்கள் ஒவ்வொன்றும் மடிந்து நிமிர்கின்றன. வளைவில் திரும்பும்போது மடியும் குமிழால் பிடிமானம் குறைகிறது. பட்டனும் நடுவில் சீக்கிரம் தேய்கிறது. பழைய சைக்கிளை மாற்றாமல் அதே ரிம்முக்கு 47-559 போன்ற அளவில் ஆழமில்லாத பட்டன் கொண்ட டயர் போட்டால் வண்டி வேறு வண்டியாகும். மாரத்தான் அந்த அளவிலும் வருகிறது.

அகலத்தைப் பொறுத்தவரை, மெல்லிய டயர்தான் வேகம் என்ற நம்பிக்கையைப் பந்தயக்காரர்களே கைவிட்டுவிட்டார்கள். 23 மி.மீ. டயரில் ஓடிய டூர் டி பிரான்ஸ் வீரர்கள் இன்று 28 மி.மீ., 30 மி.மீ. டயர்களில் ஓடுகிறார்கள். ஒரே அழுத்தத்தில், அகன்ற டயர் தரையைத் தொடும் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் அமைவதால் டயர் குறைவாகவே நசுங்குகிறது. நசுங்குவதில்தான் சக்தி வீணாகிறது. நம் ஊர்ச் சாலையில் வேகத்தடையும் குழியும் இருக்கும் நிலையில் 35 அல்லது 37 மி.மீ. அகலம்தான் ஹைபிரிடுக்கு நியாயமான அளவு என்பேன். ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில்) இடம் இருந்தால் 40 கூடப் போடலாம்.

காற்று விஷயத்தில் நம் பழக்கம் கறுப்புச் சைக்கிள் காலத்தது. அந்தச் சைக்கிளின் வால்வுக்குள் சிறு ரப்பர்க் குழாய் ஒன்று காற்றைத் தடுத்து நிற்கிறது. அதில் அழுத்தமானி சரியான அளவு காட்டாது. ஆகவே கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதே வழக்கமாயிற்று. ஹைபிரிடின் வால்வு மோட்டார் சைக்கிளுடையதைப் போன்றதே; அதில் அளந்து அடிக்கலாம், அடிக்க வேண்டும். மாரத்தான் 37-622 டயரில் 50 முதல் 85 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை என்று அச்சிட்டிருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் பின்னால் 65, முன்னால் 55 என்ற அளவில் வைத்தால் போதும். 85 என்பது அடிக்க வேண்டிய அளவு அன்று, தாண்டக் கூடாத அளவு. 50க்குக் கீழே விட்டுவிட்டால் குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவு என்று பொருள்.

சித்திரை வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்று காற்றைப் பாதி இறக்கிவிடுபவர்களையும் பார்க்கிறேன். 30 டிகிரி வெப்பத்தில் 60 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 67 ஆகும், அவ்வளவே. நிறுத்திய இடத்தில் வெடிக்கும் டயர்களில் அனேகம் ரிம்மில் சரியாக அமராதவை, அல்லது பக்கச்சுவர் வெடித்து நூல் இற்றுப்போனவை. வெயில் கெடுப்பது காற்றையல்ல, ரப்பரை. சைக்கிளை நாள் முழுதும் வெயிலில் நிறுத்தினால் எவ்வளவு விலையுயர்ந்த டயரும் பக்கச்சுவரில் கீறல் விடும்.

டியூப் இல்லாத டயரைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய முள் குத்தியதும் உள்ளே ஊற்றிய பால் போன்ற அடைப்புத் திரவம் கசிந்து ஓட்டையை அடைத்துவிடுவதால், முள் காட்டில் ஓட்டுபவர்களுக்கு அது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும்; நம் வெப்பத்தில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்படை மாரத்தான் டியூபோடு ஓட்டுவதற்கான டயர். காற்றே வேண்டாத கெட்டி டயர் பஞ்சர் ஆகாது என்பது மெய்தான். குலுக்கல் முழுவதும் முதுகுக்குப் போகும் என்பதும் மெய்.

மாரத்தானை மாட்டுவது சற்றே பொறுமை கேட்கும் வேலை. கம்பி வளையமும் தடித்த பட்டையும் சேர்ந்து டயரை விறைப்பாக்குகின்றன. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, ஏறிய பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே வால்வை நோக்கி வந்தால் கடைசி நான்கு அங்குலம் கட்டைவிரலுக்கு வழிவிடும். நெம்புகோலை வைத்து அவசரமாக ஏற்றினால் புது டியூபில் ஓட்டை விழும். பக்கச்சுவரில் உருளும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறது. மாட்டும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் டயர் எடை மிகுதியால் முதலில் தேயும். அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புது டயரை முன்னால் போடுவதே முறை. முன் சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவது உறுதி, பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க இடமுண்டு.

விலைதான் தயங்க வைக்கும். லூதியானாவில் தயாராகும் நாட்டு டயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இதற்கு ஒன்றுக்குச் சில ஆயிரம் கொடுக்க வேண்டும். சிறிய ஊர்க் கடைகளில் கிடைப்பதுமில்லை, வரவழைக்க வேண்டும். தெருமுனை வரை போய்வரும் சைக்கிளுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. தினமும் வேலைக்குச் செல்பவர்களுக்கும், ஊர் விட்டு ஊர் ஓட்டுபவர்களுக்கும், பஞ்சர் கடை இல்லாத கருவேலங்காட்டுச் சாலையில் செல்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் பின் சக்கரத்துக்குப் போடலாம். எடையைச் சுமப்பதால் பஞ்சர் அதிகம் ஆவது அதுதான்.

28 × 1½ கறுப்புச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் 37-622 பக்கம் போக வேண்டாம் என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். அந்த 635 ரிம்முக்கு ஷ்வால்பே டெல்டா குரூசர் என்ற டயரை 40-635 அளவில் செய்கிறது. ஆனால் இங்கே அது கைக்குக் கிடைப்பது அரிது. பால் கேனும் நெல் மூட்டையும் சுமக்கும் வண்டிக்குத் தடித்த ரப்பர் கொண்ட நைலான் நாட்டு டயரே போதும். முள் தொல்லை தாங்கவில்லை என்றால், டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பாதுகாப்புப் பட்டையைச் சேர்த்துப் போடலாம். அதன் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் காலப்போக்கில் டியூபை அறுக்கும். முனைகளை வட்டமாக வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.